ஒரு நாளைக்கு ஒரு திருகு: புது ஏர் பிஸ்டலைக் கைக்குப் பழக்குவது எப்படி?

10 மீட்டர் தூரத்துக் குறியைச் சுடும் போட்டிக்காக வாங்கிய புது ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) கைக்கு வந்த முதல் வாரம் என் ஸ்கோர் 541-லிருந்து 519-க்கு இறங்கியது. 60 குண்டு, ஒன்றுக்குப் பத்து, ஆக 600-க்குத்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து 22 புள்ளியைத் தொலைத்த ஆள் என்று வீட்டில் இன்னமும் பேச்சு ஓடுகிறது. பிஸ்டலின் மேல் தப்பில்லை. பெட்டியைப் பிரித்த அன்று சாயங்காலமே கைப்பிடியான கிரிப்பைத் திருப்பி, டிரிகரின் பாரத்தைக் குறைத்து, குறிபார்க்கப் பின்பக்கம் பள்ளத்தோடு இருக்கிற பின்சைட்டைத் திருகி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். எது எதைக் கெடுத்தது என்று அப்புறம் எனக்கே தெரியவில்லை. கோவையில் லேத் பட்டறை வைத்து 20 வருஷமாக மெஷின் செட்டிங் பார்க்கிறவன் செய்கிற காரியமா இது?

துப்பாக்கிச் சுடும் கிளப்பில் எங்களுக்குச் சொல்லித்தருகிறவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுபேதார் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நான் சுட்ட குறித்தாளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பட்டறையில லேத் அலைன்மென்ட் போனா நாலு போல்ட்டையும் ஒண்ணாத்தான் கழட்டுவீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே எல்லாவற்றையும் கம்பெனி வைத்த அளவுக்குத் திருப்பினேன். கடைவீதியில் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதி போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு திருகு, மாற்றியதை எழுது, 40 குண்டு சுடு, மறுநாள் பார். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எந்த பிஸ்டல் என்று கேட்பீர்கள். ஸ்டெயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், மொரினி, பார்தினி என்று ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், அடிக்கடி காதில் விழும் பெயர்களில் ஒன்று. எது என்று சொன்னால் "அதைப் போய் ஏன் வாங்கினே" என்று ஒரு கூட்டம் வரும், சொல்லவில்லை. இந்த வகைப் பிஸ்டல் எல்லாவற்றுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். மெக்கானிக்கல் டிரிகரா, எலெக்ட்ரானிக் டிரிகரா என்பது மட்டும் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டியது. எலெக்ட்ரானிக் வழுவழுப்பாக, தினமும் ஒரே மாதிரி இருக்கும். நான் மெக்கானிக்கல் எடுத்தேன். எனக்குக் கண்ணால் பார்க்க முடிகிற ஸ்பிரிங்கும் திருகும் இருந்தால்தான் மனசு நிற்கும். எதை எடுத்தாலும் போட்டி நடுவே கோளாறு வரலாம். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மக்கர் செய்து, நேரம் போய், அவர் 12-ஆவது இடத்தில் நின்றுபோனார். அதே மனு 2024-இல் பாரிசில் 221.7 எடுத்து வெண்கலம் வாங்கியதும் நமக்குத் தெரியும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிப் பிஸ்டலின் குண்டு அரை கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர். கணக்குப் போட்டால் ஆறு ஜூல்கூட வராது. அதற்காகப் பொம்மை என்று நினைக்க வேண்டாம், ஒரு கண்ணைப் பறிக்க அதில் பாதி போதும். அடையாள அட்டை கொடுத்து, பில்லோடு, முறையான கடையில் வாங்குங்கள். பில்லின் நகல் ஒன்று பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும்.

பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சேஃப்டி ஃபிளாக் வாங்கிச் செருகுவது. குழல் முழுக்க ஓடி இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற ஆரஞ்சுக் கயிறு அது. சுடாத நேரமெல்லாம் அது உள்ளே இருக்க வேண்டும். வீட்டில் என் மகள் எட்டாவது படிக்கிறாள். "ஃபிளாக் தெரியலைன்னா அப்பா கையில இருந்தாலும் ரூமுக்குள்ள வராதே" என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருநாள் அவளே கதவில் நின்றுகொண்டு, "எங்கப்பா ஃபிளாக்?" என்று கேட்டாள். அன்றைக்குச் செருக மறந்திருந்தேன்.

இப்போது கிரிப். முதல் இரண்டு வாரத்தை இதற்கே கொடுத்துவிடுங்கள். என் நோட்டில் 19 பக்கம் கிரிப்தான்.

விற்றவர் எனக்கு 'மீடியம்' என்று சொல்லி 'லார்ஜ்' அனுப்பிவிட்டார். மாற்றிக் கேட்டதற்கு ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் அனுப்பும் செலவு என் தலையில். அதனால் பிஸ்டல் வந்ததும் திருகைத் தொடும் முன் அளவைப் பாருங்கள். சரியான கிரிப் கைக்குள் இறுக்கமாக உட்காரும். ஆனால் அதைப் பிடிக்கச் சுட்டுவிரலும் கட்டைவிரலும் உதவிக்கு வரக்கூடாது. நடு, மோதிர, சுண்டு விரல்கள் மூன்றும் உள்ளங்கையும் தாங்க வேண்டும். சுட்டுவிரல் மரத்தில் எங்கேயும் உரசாமல் காற்றில் நிற்க வேண்டும். உரசினால் டிரிகரை இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளும்.

எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று கண்டுபிடிக்க எளிய வழி பவுடர். கையில் டால்கம் பவுடரைப் பூசி, கிரிப்பை ஒரு தடவை அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டுப் பாருங்கள். பட்ட இடம் வெள்ளையாக இருக்கும், படாத இடம் மரமாகவே இருக்கும். (முதல் தடவை பவுடர் கைக்கு எட்டவில்லை என்று பூஜை அலமாரியில் இருந்த விபூதியை எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டார். அந்தக் கதை வேண்டாம்.) எனக்கு உள்ளங்கையின் குழியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. அந்தக் குழிதான் ஒவ்வொரு ஷாட்டிலும் கை வேறு வேறு இடத்தில் உட்காரக் காரணம்.

மரத்தைச் செதுக்க அவசரப்படாதீர்கள். முதலில் சேர்த்துப் பாருங்கள். எம்-சீலைப் பிசைந்து, வெற்றிடத்தில் அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, சுடும் நிலையில் நின்று சாதாரணமாகப் பிடியுங்கள். நசுக்கிப் பிடித்தால் நசுக்கிய கைக்குத்தான் அச்சு கிடைக்கும். இறுகியபின் உப்புத்தாளால் தேய்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் உளியால் பெயர்த்துவிடலாம். செதுக்கிய வால்நட் மரம் திரும்பி வராது. உள்ளங்கைக்குக் கீழே இருக்கிற தட்டை மேலே ஏற்றிக் கையை நெரிக்காதீர்கள். கைக்கும் தட்டுக்கும் இடையே ஒரு தாள் நுழைகிற மாதிரி தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். விதியும் ஒன்று உண்டு. கிரிப் கையைத் தாண்டித் தாங்குதல் தரக்கூடாது, மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும்.

அடுத்து கோணம். சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, பிஸ்டலைத் தூக்கி, மூச்சை விட்டு நிறுத்தி, கண்ணைத் திறங்கள். குழல் நுனியில் நிற்கிற முன்சைட், பின்சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், மேல்விளிம்பு சமமாக நிற்கிறதா? பத்துத் தடவை பாருங்கள். பத்திலும் இடப்பக்கமே ஒட்டி நின்றால் கிரிப் திரும்ப வேண்டும். திருகைத் தளர்த்தி அரை நூல் அளவு திருப்பி, மறுபடி பத்து. எனக்கு ஆறு நாள் ஆயிற்று, பத்துக்கு எட்டு தேறுவதற்கு. இதில் நிறைய பேர் குழம்புகிற இடம் ஒன்று. சைட் இரண்டும் தங்களுக்குள் நேராக இருந்து, பிஸ்டல் மட்டும் குறியை விட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ போனால் அது கிரிப்பின் தப்பல்ல, பாதத்தின் தப்பு. பின்காலைச் சற்று நகர்த்தினால் முழு உடம்பும் திரும்பிவிடும். கையால் இழுத்துக் குறிக்குக் கொண்டுவந்தால் டிரிகர் விடுகிற நேரத்தில் கை பழைய இடத்துக்கே ஓடும்.

நிற்பதைப் பற்றிச் சொல்லும்போது பாரிசில் கலப்பு அணி வெள்ளி வாங்கிய துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் நினைவுக்கு வருகிறார். ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டு நின்ற படம் உலகமெல்லாம் சுற்றியது. அதை ஸ்டைல் என்று நினைத்தவர்கள் அதிகம். சும்மா இருக்கிற கையை எங்கேயாவது ஒட்டி வைக்காவிட்டால் அந்தத் தோள் ஆடும். எங்கள் ரேஞ்சில் பாதிப் பேர் பாக்கெட், மீதிப் பேர் பெல்ட்.

டிரிகருக்கு வருவோம். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிகர் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. சோதிக்கிறவர் குழலைச் செங்குத்தாக வைத்து, டிரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார். விடாமல் தாங்க வேண்டும். நான் துல்லியக்காரன் ஆயிற்றே, சரியாக 500-இல் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் போட்டிக்குப் போனேன். மூன்று தடவையும் 'டிக்' என்று விட்டுவிட்டது. வரிசையில் பின்னால் பத்துப் பேர் பார்க்க, மூலையில் உட்கார்ந்து திருகைத் திருப்பி மறுபடி வந்தேன்.

இப்போது என் வழி இது. மளிகைக்கடையில் முத்திரை குத்திய அரைக்கிலோ இரும்பு எடைக்கல் இருக்கிறதல்லவா, அதுதான் 500 கிராம். அதை ஒரு துணிப்பைக்குள் போட்டு, வளைத்த கம்பியில் தொங்கவிட்டேன். பையும் கம்பியும் சமையலறைத் தராசில் 14 கிராம். ஆக 514-ஐத் தாங்கினால் போட்டியில் பயமில்லை. குண்டில்லாமல், குழல் பாதுகாப்பான பக்கம் பார்க்க, மேசையில் இருந்து மெதுவாகத் தூக்க வேண்டும். வெடுக்கென்று தூக்கினால் எந்த டிரிகரும் விடும்.

அந்த 514-ஐ எப்படிப் பிரிப்பது? டிரிகரில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் விரல் பின்னால் போகப்போக எதிர்க்கிற ஸ்பிரிங். அதன் முடிவில் ஒரு சுவர் தட்டுப்படும். சுவரைத் தாண்டினால் ஷாட். முதல் கட்டத்தில் அதிகம், சுவரில் கொஞ்சம் என்று வைத்தால் குறி வைக்கும்போதே பாரத்தில் பெரும்பகுதியை விரல் ஏற்றுக்கொண்டிருக்கும். நான் சுமார் 390-உம் மீதியுமாக வைத்திருக்கிறேன். சுவரை 60, 70 கிராமுக்கு இறக்கிப் பார்த்த வாரத்தில் நினைப்பதற்கு முன்பே ஷாட் போய்விட்டது. நோட்டில் அந்த நாளுக்கு எதிரே "வேண்டவே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன். டிரிகர் நாக்கை முன்னும் பின்னும் நகர்த்துகிற திருகும் உண்டு. சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு மேலே, நகத்துக்குப் பின்பக்கச் சதையின் நடுவில் நாக்கு படும்படி வைத்துவிட்டு, அதை மறந்துவிடுங்கள்.

சைட் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். இதைப் பட்டறையில் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே என் பிஸ்டலில் சுமார் 330 மில்லிமீட்டர். குறி 10,000 மில்லிமீட்டர் தூரம். பள்ளத்துக்குள் முன்சைட் கால் மில்லிமீட்டர் விலகினால் குண்டு ஏழரை மில்லிமீட்டர் விலகும். பத்தாம் வளையத்தின் குறுக்களவு 11.5, குண்டு 4.5, கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால் மையத்தில் இருந்து எட்டு மில்லிமீட்டர் வரை பத்து கிடைக்கும். அதாவது கால் மில்லிமீட்டர் விலகலே பத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஒரு மில்லிமீட்டர் விலகினால் 30. வளையத்துக்கு வளையம் எட்டு என்பதால் பத்து ஏழாகிவிடும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை முழுவதும் அப்படியே ஐந்து மில்லிமீட்டர் ஆடினால்? குண்டும் ஐந்து மில்லிமீட்டர்தான் போகும், இன்னும் பத்துதான். ஆகவே கை ஆடுவதற்குப் பதறாமல் கண்ணை முன்சைட்டிலேயே வையுங்கள். குறி கறுப்பு மங்கலாக, பஞ்சு உருண்டை மாதிரி தெரிய வேண்டும். அது தெளிவாகத் தெரிந்தால் உங்கள் கண் தப்பான இடத்தில் இருக்கிறது. கறுப்பின் நடுவைக் குறிவைப்பதும் வேண்டாம். கீழே வெள்ளையில் ஓர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கறுப்புக்குள் கறுப்பு முன்சைட்டைத் தேடினால் ஒன்றும் தெரியாது.

என்னைப் போல் 45 தாண்டியவர்களுக்கு இங்கே ஒரு வில்லங்கம்: வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடி போட்டால் முன்சைட்டும் மங்கல், தூரக் கண்ணாடி போட்டாலும் மங்கல். பிஸ்டலைத் தூக்கி நின்று, கண்ணில் இருந்து முன்சைட் வரை மனைவியை டேப் பிடிக்கச் சொல்லி அளந்தேன்: 95 செ.மீ. அந்த அளவோடு கண்ணாடிக் கடைக்குப் போனேன். "ஏனுங்ணா, கம்ப்யூட்டருக்குங்களா?" என்றார் கடைக்காரத் தம்பி. துப்பாக்கி என்றதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் தூரப் பார்வை அளவோடு பிளஸ் 0.75 கூட்டி, வலக்கண்ணுக்கு மட்டும் லென்ஸ் போட்டுத் தந்தார். பிஸ்டலுக்குச் செய்த செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எனக்கு ஸ்கோரை அதிகம் ஏற்றியது அதுதான்.

கிரிப், டிரிகர், கண் மூன்றும் நின்ற பிறகே பின்சைட் திருகைத் தொட வேண்டும். நான் தொட்டது 23-ஆவது நாள். ஐந்து ஷாட் சுட்டு, கூட்டத்தின் நடுவைப் பாருங்கள், தனியாகப் போன ஒரு குண்டைத் துரத்தாதீர்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின்சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். என் பிஸ்டலில் பத்து கிளிக்குக்கு 14 மில்லிமீட்டர் நகர்ந்தது. உங்களுடையதை நீங்களே பத்து கிளிக் திருப்பிச் சுட்டு அளந்து நோட்டில் எழுதிவிடுங்கள். போட்டி நாளில் பதற்றத்தில் யோசிக்க நேரம் இருக்காது.

புதியது வரும்வரை கிளப்பில் நான் சுட்ட பிஸ்டல் இஷ்-46எம். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் தயாரிப்பு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நெம்புகோலை விரித்து மடக்கிக் காற்றை அமுக்க வேண்டும். 60 ஷாட்டும் முன்பயிற்சி ஷாட்டும் சேர்த்தால் எண்பது, தொண்ணூறு தடவை. கடைசிப் பத்தில் தோள் கழன்றுவிடும். ஆனாலும் அது முரட்டு உழைப்பாளி, அதைக் குறை சொல்ல மனசு வராது. அதன் எடை 1.3 கிலோ, புதியது ஒரு கிலோவுக்கும் குறைவு. இலகுவாக இருந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். இலகுவான பிஸ்டல் சீக்கிரம் குறிக்கு வருகிறது, அதே வேகத்தில் குறியை விட்டும் போகிறது. 30 கிராம் எடை ஒன்றைக் குழலுக்குக் கீழே மாட்டிய பிறகு ஆட்டம் நிதானப்பட்டது. போட்டி விதியில் உச்சவரம்பு 1,500 கிராம். முழு பிஸ்டலும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு மாட்டுங்கள்.

புதுப் பிஸ்டலுக்குக் காற்றைத் தருகிற சிலிண்டரிடம் மரியாதையாக இருங்கள். கார் டயரில் காற்றழுத்தம் இரண்டேகால் பார். இதில் 200 பார். நிரப்பும்போது மெதுவாக, வேகமாக நிரப்பினால் சூடேறி 200 காட்டும், ஆறியதும் 185-க்கு இறங்கும். மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. பட்டறைக்காரனுக்கு இது கஷ்டம், எதைப் பார்த்தாலும் ஒரு சொட்டு விடத் தோன்றும். அதிக அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில் காருக்குள் சிலிண்டரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மேலே பொறித்திருக்கிற தேதியையும் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருஷம் கணக்கு வைக்கிறார்கள், செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். எனக்கு ஒரு நிரப்பலுக்கு 140 ஷாட் வரை நம்பிக்கையாகப் போகிறது.

குண்டு பற்றி அதிகம் இல்லை. தட்டைத் தலை, 4.5 மி.மீ. 4.49, 4.50 என்று தலை அளவு மாறும் டப்பாக்கள் வரும். மூன்று வகையை வாங்கி, பிஸ்டலை மேசையில் தாங்கல் கொடுத்து ஐந்தைந்தாகச் சுட்டு, ஓட்டை சின்னதாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல் 540 அடிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஈயம் என்பதால் சுட்ட கையோடு முறுக்கு தின்னாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம். ஒரு ஷாட்டுக்கு ஒன்றேகால் நிமிஷம் என்பது நின்று பார்த்தால் நிறைய நேரம். எட்டு, பத்து விநாடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் பிஸ்டலை இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்குங்கள். நான் நோட்டில் ஸ்கோருக்குப் பக்கத்தில் 'இறக்கியது' என்று ஒரு பத்தி போட்டிருக்கிறேன். ஸ்கோர் நன்றாக வந்த நாளில் அது 20-க்கு மேல் இருக்கிறது.

நேற்று 46-ஆவது நாள். 548. கிரிப்பில் கட்டைவிரல் படுகிற இடத்தில் இன்னும் ஒரு மேடு உறுத்துகிறது, உப்புத்தாள் எடுத்து வைத்திருக்கிறேன். எடைக்கல்லை இரவல் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி, "சாமி, எனக்கு அரைக்கிலோ நிறுக்க வேற கல்லு இல்ல" என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார். புதுக் கல் ஒன்று வாங்க வேண்டும், முத்திரை குத்தியதாகப் பார்த்து.